களவு போனது கடையில், தேடியது லயத்தில்



கடந்த மாதம் எங்கள் டிவிசனில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடை. வேலைக்கு நிற்பவர்கள் ஆறு பேர். அவர்களில் இரண்டு பேர் எங்கள் தோட்டத்துப் பையன்கள். ஒரு சனிக்கிழமை மாலை கல்லாப்பெட்டியில் 70,000 ரூபா குறைகிறது என்று முதலாளி பொலிஸில் முறைப்பாடு செய்தார். பொலிஸ் வந்தது. மற்ற நான்கு பேரின் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னது. எங்கள் பையன்கள் இரண்டு பேரையும் மட்டும் ஜீப்பில் ஏற்றியது.

இரவு ஒன்பது மணிக்கு ஜீப் லயத்துக்கு வந்தது. ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். சாமிப்படத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தார்கள். அடுத்த காம்பராக்காரர்கள் எல்லாம் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சதம் அகப்படவில்லை. "தோட்டத்துப் பயலுகள்தானே, எங்கேயாவது புதைத்து வைத்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு மத்தியானம் காசு கிடைத்தது. முதலாளியின் சொந்த மச்சான்தான் சாமான் லொறிக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், சொல்ல மறந்துவிட்டாராம். பையன்களை விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. முதலாளியும் சொல்லவில்லை, பொலிஸும் சொல்லவில்லை. அந்த இருவரில் ஒருவன் எங்கள் பாடசாலையில் உயர்தரம் வரை படித்தவன். நாங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை. அதன் பிறகு அவன் டவுனுக்கு இறங்கவே இல்லை. பிரட்டுக்களத்தில் பெண்கள் அவன் அம்மாவைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று சிலர் சொல்கிறார்கள். "விட்டுவிட்டார்களே, பிறகென்ன?" என்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஆறு பேர் நின்ற கடையில் இரண்டு பேரை மட்டும் பிரித்தெடுத்தது எது? அவர்கள் கையில் காசு இருந்ததா? சாட்சி இருந்ததா? பழைய குற்றம் ஏதும் இருந்ததா? ஒன்றும் இல்லை. இருந்தது விலாசம் ஒன்றுதான். அந்த விலாசத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு பெயர்: தோட்டக்காட்டான்.

அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டும்.

இரத்தத்தில் இருக்கிறதாம்

டவுனில் சொல்கிறார்கள்: "அந்தச் சனமே அப்படித்தான். குடிக்கும், அடிபடும், கையும் சுத்தமில்லை." கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண் பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறக்கிறார்கள்? படித்த ஆட்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி, "அது அவர்களுடைய கலாசாரம்" என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. முன்பு இரத்தம் என்றார்கள், இப்போது கலாசாரம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான்: குற்றம் ஒரு மனிதன் செய்தது அல்ல, ஒரு சனத்தோடு கூடப் பிறந்தது என்பது.

இந்தக் கேள்வியை உலகத்தில் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிக்காகோ என்ற நகரம். க்ளிஃபர்ட் ஷோ, ஹென்றி மெக்கே என்ற இரண்டு பேர் அந்த நகரத்தில் எந்த எந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள் என்று பல வருடக் கணக்கை எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். 1942இல் புத்தகமாகவும் போட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான். தொழிற்சாலைகளை ஒட்டிய நெரிசலான, இடிந்த வீடுகள் உள்ள பகுதிகளில் முதலில் ஜேர்மன்காரரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அப்போது அங்கே குற்றம் அதிகம். அவர்கள் கொஞ்சம் வசதி வந்து வேறு இடத்துக்குப் போனார்கள். அந்த வீடுகளுக்குப் போலந்துக்காரரும் இத்தாலிக்காரரும் வந்தார்கள். அப்போதும் அங்கே குற்றம் அதிகம். போனவர்களின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்துவிட்டது. சனம் மாறியது, மொழி மாறியது. அந்த இடத்தின் குற்றக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இரத்தத்தில் இருந்திருந்தால் குற்றமும் அவர்களோடு வீடு மாறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியென்றால் அது எங்கே இருந்தது? அந்த வீட்டில், அந்தத் தெருவில், அந்தக் கூலியில் இருந்தது.

இப்போது எங்கள் லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்குள் அப்பா, அம்மா, கல்யாணமான அண்ணன், அண்ணி, படிக்கிற பிள்ளை, பாட்டி. தாத்தா காலத்துக் கூரைத் தகரம். பின்னேரம் ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடையாது. எந்த இனத்து மனிதனையும், எந்த மதத்து மனிதனையும் நூறு வருடம் இதற்குள் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு கலாசாரத்தைப் பற்றிப் பேசலாம்.

உழைப்பவனைக் குற்றவாளியாக்கியது சட்டம்

இரண்டாவது விஷயம். எது குற்றம் என்று எழுதுவது யார்? கடவுளா எழுதி வைத்தார்? சட்டம் செய்கிறவன் எழுதுகிறான். எங்கள் மூதாதையர் விஷயத்தில் அதை எழுதியது வெள்ளைக்காரத் துரைமாரின் அரசாங்கம்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.  தொழிலாளி சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வேலையில் கவனக்குறைவு குற்றம். எதிர்த்துப் பேசினால் குற்றம். பசியில் ஓடியவன், கங்காணியின் கடனுக்குப் பயந்து ஓடியவன், பிள்ளை செத்த துக்கத்தில் ஓடியவள் எல்லோரும் குற்றவாளிகள். இதற்கு மேல் துண்டு முறை. பழைய தோட்டத்துத் துரை கடனைக் கணக்குப் போட்டுத் துண்டு கொடுத்தால்தான் அடுத்த தோட்டத்தில் பேர் பதியலாம். துண்டில்லாமல் ரோட்டில் நடப்பவன் ஓடிப்போன கூலி. 1920களின் தொடக்கத்தில்தான் துண்டும் இந்தத் தண்டனைகளும் எடுக்கப்பட்டன.

அந்தக் காலத்தில் ஒருவர் சிறைச்சாலைக்குள் போய்த் தலையை எண்ணிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "தோட்டக் கூலிகள் குற்றம் செய்யும் சனம், இதோ கணக்கு" என்றிருப்பார். கணக்கு பொய்யாக இருக்காது. ஆனால் அந்தக் கணக்கு எங்கள் குணத்தைச் சொல்லவில்லை, அவர்கள் சட்டத்தைச் சொல்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். எங்கள் மூதாதையர் வந்தது மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து. அந்த நாட்டில் 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். முதலில் வட இந்தியாவில். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும். சில சாதிகளின் பெயரைப் பட்டியலில் எழுதி, இவர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்றான். எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். 1920 ஏப்ரல் 3இல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்களைப் பொலிஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். இந்தியா முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆகிவிட்டது.

அங்கே சாதியின் பெயரில், இங்கே கூலியின் பெயரில். இரண்டு இடத்திலும் ஒருவனின் செயலை விட்டுவிட்டு அவன் யார் என்பதைக் குற்றமாக்கினார்கள். சட்டம் போய்விட்டது, பெயர் போகவில்லை. ஜீப்பில் வந்தவர்களின் வாயில் கடந்த மாதமும் அது இருந்தது.

தேடுகிற இடத்தில்தான் கிடைக்கும்

மூன்றாவது. "சரி, பழைய கதை போகட்டும். இன்றைக்குப் பொலிஸில் பதிவாகிறதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள்.

நாங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள். கணக்காகவே பதில் சொல்கிறோம். நூறு வீட்டுக்கு ஐந்து வீட்டில் களவுச் சாமான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுனிலும் அப்படி, லயத்திலும் அப்படி. பொலிஸ் டவுனில் இருபது வீட்டைத் தேடுகிறது. லயத்தில் நூறு வீட்டையும் தேடுகிறது. டவுனில் ஒன்று அகப்படும், லயத்தில் ஐந்து அகப்படும். அடுத்த நாள் பத்திரிகையில் "தோட்டத்தில் ஐந்து மடங்கு களவு" என்று வரும். அதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் டவுனைத் தேடாமல் லயத்தை மட்டுமே தேடுவார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஹோவர்ட் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1963இல் இதை எழுதினார். ஒரு செயல் தானாகக் குற்றமாவதில்லை. அதற்குக் குற்றம் என்று முத்திரை குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், யாருக்குக் குத்துவது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள் என்றார். ஒருமுறை குத்திய முத்திரை இலேசில் போகாது. வேலை தரமாட்டார்கள். பிறகு அவன் எங்கே போவான்? முத்திரை குத்தியவர்கள் சொன்ன இடத்துக்கே போய்ச் சேருவான். "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே" என்பார்கள்.

அமெரிக்காவிலேயே இன்னொரு உதாரணம். கொக்கெயின் என்ற போதைப்பொருள் தூளாகவும் இருக்கிறது, கட்டியாகவும் இருக்கிறது. சரக்கு ஒன்றுதான். 1986இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 500 கிராம் தூள் விற்றால் என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்து வருடத் தண்டனை 5 கிராம் கட்டிக்கும். கட்டி, ஏழைக் கறுப்பு மக்களின் தெருவில் விலை போனது. தூள், வசதியான வெள்ளைக்காரர் மேசையில் போனது. நூறுக்கு ஒன்று என்ற இந்தத் தராசு 2010 வரை இருந்தது. அந்த வருடங்களில் சிறை கறுப்பு இளைஞர்களால் நிறைந்தது. பிறகு "பாருங்கள், சிறையில் யார் அதிகம்?" என்று கேட்டார்கள்.

தராசைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாங்கள் தினமும் பார்க்கிறோம். சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழிக்கிறார்கள். மழையே இல்லாத மாதத்திலும் ஈரத்துக்குக் கழிக்கிறார்கள். ஒரு பெண்ணிடமிருந்து ஒரு நாளைக்கு நான்கு கிலோ. ஒரு மலைக்கு எத்தனை பெண்கள்? ஒரு மாதத்துக்கு எத்தனை நாள்? கூட்டிப் பாருங்கள். ஒரு தொழிலாளி விறகுக்கு ஒரு கட்டை எடுத்தால் களவு. இது என்ன?

சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள். அதோடு 12 வீதம் சேர்த்து முதலாளி கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டப்படி, கட்டாமல் விடுவது குற்றம். நாற்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, காசைக் கேட்டு எத்தனை முறை டவுனுக்கு அலைகிறார் என்பது எங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அந்தக் குற்றத்துக்காக எந்த பங்களாவுக்கு ஜீப் போனது? எந்தக் கணக்கு அலுவலகத்தின் அலுமாரியைக் கவிழ்த்தார்கள்? எட்வின் சதர்லாந்து என்ற ஆய்வாளர் 1939இலேயே கேட்டார்: வெள்ளைச் சட்டை போட்டவர் செய்யும் குற்றத்தை ஏன் யாரும் குற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை? சேர்த்தால், குற்றம் ஏழையின் குணம் என்ற கதை அன்றைக்கே முடிந்துவிடும்.

எங்களுக்கு நடந்தால் அது கணக்கில் இல்லை

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். குற்றம் செய்தவர்களாக எங்களைத் தேடத் தெரிந்தவர்களுக்கு, எங்களுக்கு எதிராகக் குற்றம் நடக்கும்போது கண் தெரிவதில்லை.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின் போது தோழர் கோவிந்தன் பொலிஸ் சூட்டுக்குப் பலியானார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். 1948இல் ஒரு சட்டத்தால் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள், அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. அதன் பிறகு அடையாளப் பத்திரம் இல்லாத சனம் என்று எங்களை வீதியில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பத்திரத்தைப் பறித்தவரே வந்து பத்திரம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. தமிழ்ப் பெயரும் இளவயதும் இருந்தால் போதும் என்ற காலம் அது. கொழும்பில் கடைகளில் வேலை செய்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டம் புகுந்தது. அரசின் காவலில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிஸார் அங்கேதான் நின்றார்கள். 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் கடைசியாக மிஞ்சியிருந்தவர்களையும் விடுவித்தது. கடைசியில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை.

எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்ல வரவில்லை. 1971இலும் 1987–89இலும் சிங்களக் கிராமத்து இளைஞர்களை வயதைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் பிடித்துக்கொண்டு போனார்கள். பலர் திரும்பி வரவே இல்லை. எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் கிராமத்து அம்மாமாரைக் கேளுங்கள், சொல்வார்கள். சந்தேகம் என்பது எப்போதும் மேலிருந்து கீழேதான் பாய்கிறது.

எங்களிடம் தப்பே இல்லையா?

இங்கே நிறுத்தினால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு ஓடியவர்கள் ஆவோம். சங்கம் அப்படிச் செய்யக்கூடாது.

தோட்டத்தில் கசிப்பு இருக்கிறது. அண்மைக் காலமாக ஐஸ் என்ற போதைப்பொருளும் பாடசாலை வாசல் வரை வந்துவிட்டது. சம்பள நாள் இரவில் அடி வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கோழி காணாமல் போகிறது, பெண்ணின் தோடு காணாமல் போகிறது. இதையெல்லாம் வறுமை என்று ஒரு சொல்லில் மூடிவிட முடியாது. வறுமையில்தான் இருக்கிறோம் எல்லோரும், எல்லோருமா களவெடுக்கிறோம்?

வறுமை ஒரு வழியைத் திறக்கிறது என்பது உண்மை. ரொபர்ட் மேர்ட்டன் 1938இல் சொன்னது இதுதான்: எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், மிச்சப் பேரில் சிலர் குறுக்கு வழியில் போவார்கள். கையில் இருக்கும் போனில் எங்கள் பிள்ளைகள் உலகத்தையே பார்க்கிறார்கள். ஆனால் 1,000 ரூபா நாட்கூலி என்ற ஒரே கோரிக்கைக்காக 2015 முதல் 2021 வரை அவர்களின் பெற்றோர் ரோட்டில் நின்றார்கள். குறுக்கு வழியில் கசிப்பு வியாபாரி நிற்கிறான். ஒரு நடைக்கு இரண்டு நாள் கூலி தருகிறேன் என்கிறான். பிள்ளை போனால் அது தவறு. அந்த வழியைத் திறந்து வைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இங்கிலாந்தில் ஜோன் லீ, ஜொக் யங் என்ற இரண்டு பேர், தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள், 1984இல் தங்கள் தோழர்களுக்கே ஒரு கண்டிப்புச் சொன்னார்கள். குற்றத்தைப் பற்றிப் பேசினால் ஏழைகளுக்கு அவமானம் என்று மௌனமாக இருக்காதீர்கள்; குற்றத்தால் அதிகம் அடிபடுவது ஏழைகள்தான் என்றார்கள். உண்மை. கசிப்பால் கெட்டது யார் குடும்பம்? துரையின் குடும்பமா? காணாமல் போனது யார் தோடு? ஆகவே கசிப்பு விற்பவனை, பெண்ணை அடிப்பவனை, பிள்ளைகளுக்கு ஐஸ் கொடுப்பவனைச் சங்கம் மறைக்காது. அவன் சந்தாக்காரனாக இருந்தாலும் மறைக்காது. ஆனால் அவனைப் பிடிக்கும்போது அவன் பெயரைச் சொல்லிப் பிடியுங்கள், அவன் செய்ததைச் சொல்லித் தண்டியுங்கள். அவனோடு சேர்த்து நானூறு குடும்பத்தையும் ஜீப்பில் ஏற்றாதீர்கள்.

எங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். "கீழ் லயத்து ஆட்கள் அப்படித்தான்", "அந்தச் சாதிக்காரன் கையை நம்பாதே" என்று எங்கள் வாயால் சொல்லாதவர் எத்தனை பேர்? 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, செய்தவர்கள் சிலர் என்று தெரிந்தும் முழு முஸ்லிம் சமூகத்தையும் சந்தேகித்தார்கள். "முஸ்லிம் கடைக்குப் போகாதே" என்று எங்களிலும் சிலர் சொன்னார்கள். கோவில் திருவிழாவுக்குக் கடனுக்குத் துணி கொடுத்த கடையைத் தாண்டிப் போனோம். தோட்டக்காட்டான் என்ற சொல் எந்தக் கொல்லையில் முளைத்ததோ அதே கொல்லையில் முளைத்ததுதான் அதுவும். அந்தத் தடியை நாங்களும் எடுத்தால், அதே தடி எங்கள் முதுகில் விழும்போது அழ எங்களுக்கு வாயில்லை.

செய்ய வேண்டியவை

பேசி மட்டும் முடித்துவிடக் கூடாது. எங்கள் டிவிசன் கமிட்டியில் எடுத்த முடிவுகளை மற்றத் தோட்டக் கமிட்டிகளுக்கும் சொல்கிறோம்.

ஒன்று. தோட்டத்தில் யாரைப் பொலிஸ் கூட்டிப்போனாலும், அவர் எந்தச் சங்கமாக இருந்தாலும், தலைவரும் மாதர் தலைவியும் பின்னாலேயே போக வேண்டும். எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, என்ன முறைப்பாடு என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். சாதாரணச் சட்டத்தின் கீழ் பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். ஏன் பிடிக்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவர். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது.

இரண்டு. வாக்குமூலம் தமிழில். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாசிக்கத் தெரியாத எழுத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அடிப்பார்கள் என்று பயமாக இருக்கும். அதற்காகத்தான் பின்னாலேயே ஆள் போக வேண்டும் என்கிறோம்.

மூன்று. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் கால அவகாசம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று நாளைக் கடத்தாதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். எழுத ஆளில்லை என்றால் பாடசாலைக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.

நான்கு. பொலிஸிடம் நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஆறு பேர் நின்ற இடத்தில் ஆறு பேரையும் ஒரேமாதிரி விசாரியுங்கள் என்கிறோம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை நிலையத்தில் வையுங்கள் என்கிறோம். இங்கிலாந்தில் 1993இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின மாணவனை வெள்ளையர் கும்பல் கொன்றது. கூட இருந்து தப்பிய நண்பனையே பொலிஸ் சந்தேகத்தோடு பார்த்தது. பெற்றோர் விடவில்லை. 1999இல் அரசு நியமித்த விசாரணையே லண்டன் பொலிஸ் நிறுவனத்துக்குள் இனவாதம் ஊறியிருக்கிறது என்று எழுதியது. 2012இல் கொலைகாரரில் இருவருக்குத் தண்டனையும் கிடைத்தது. பதினெட்டு வருடத்துக்கு மேல் அந்தத் தாயும் தகப்பனும் ஓயவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தால்தான் நடக்கும்.

ஐந்து, எல்லாவற்றிலும் பெரியது. லயத்தை உடைத்துத் தனி வீடும் காணியும் கொடுங்கள். வாழ்வதற்குப் போதுமான கூலி கொடுங்கள். பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரைத் தாருங்கள். சிக்காகோவில் கண்டது அதுதானே: சனத்தை மாற்ற வேண்டியதில்லை, அவர்கள் இருக்கும் நிலையை மாற்றுங்கள்.

கடைசியாக அந்தப் பையனின் விஷயம். போன திங்கட்கிழமை கமிட்டியில் எட்டுப் பேர் அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினோம். கடைக்குப் போய் முதலாளியிடம் இரண்டு விஷயம் கேட்டோம். வராத நாட்களின் சம்பளம், ஒரு மன்னிப்பு. சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். மன்னிப்புக்கு, "அதுதான் காசு கொடுத்தேனே" என்றார்.

அந்த அம்மா காசை வாங்கிச் சேலையில் முடிந்துகொண்டார். "ஐயா, என் பிள்ளை கள்ளன் இல்லை என்று இந்தக் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்க. ஏத்தினப்ப நாலு பேர் பார்த்தாங்கதானே" என்றார்.

முதலாளி உள்ளே போய்விட்டார். வரும் திங்கட்கிழமையும் நாங்கள் போகிறோம். இந்த முறை எட்டுப் பேர் போதாது. வேலை முடிந்து மூன்று மணிக்குப் பிரட்டுக்களத்துக்கு வாருங்கள்.